ஐந்து விளக்குக்கு ஒரு சுவிட்ச்

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் வீட்டையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீடு என்னைக் கவனிக்கவில்லை.

மழை விட்ட சாயங்காலம் அது. சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே இருக்கும் கம்பிச் சந்து வழியாக உள்ளே விளக்கு எரிவது நன்றாகத் தெரிந்தது. என் மகள் பவித்ரா உள்ளேதான் இருந்தாள். கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தாள். அப்படிப் போடச் சொன்னதே நாங்கள்தான்.

கதவோரம் புதிதாக வைத்திருந்த பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளைகளே, பவித்ராவைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கதவைத் தட்டினாலும் பேர் சொல்லிக் கத்தினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. அதற்காகத்தான் அந்தப் பொத்தான். வெளியே அதை அழுத்தினால் வீட்டிலுள்ள ஐந்து விளக்கும் ஒன்றாக எரியும். எந்த மூலையில் இருந்தாலும் அவள் பார்த்துவிட்டு வருவாள். முந்தின நாள் பட்டப்பகலில் அப்படித்தான் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

இன்று என்ன ஆயிற்று என்று யோசிப்பதற்குள் என் மனைவி சிவகாமி எங்கள் தெருச் சந்துக்குள் வருவது தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் நடை வேகமாகிவிட்டது.

பக்கத்து வீட்டு நாற்காலி

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். பிழைக்க மைசூருக்கு வந்து தேவராஜ மொஹல்லா என்ற பகுதியில் ஒரு சந்தில் கீழ்வீட்டில் குடியிருக்கிறோம். நான் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறேன். சிவகாமி ஊதுபத்தி கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்குள் வந்தால் சந்தன வாசனை முதலில் வரும், அவள் பிறகு வருவாள்.

இரண்டு பேரும் திரும்ப இருட்டத் தொடங்கிவிடும். அதுவரை பள்ளி விட்டு வரும் பவித்ரா, பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் இருப்பாள். சரோஜம்மா கன்னடக்காரர், தமிழும் பேசுவார்; தங்கமான மனுஷி. தன் பிள்ளைகளுக்கு என்ன பலகாரமோ அதே பலகாரம் பவிக்கும் உண்டு. ஆனால் அவர் வீட்டுக்கு யார் வந்தாலும், டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பவியைக் காட்டி, “பாப, கிவி கேளல்ல” என்பார். பாவம், காது கேட்காது என்று அர்த்தம். வந்தவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

சரோஜம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பவி பள்ளியில் படிப்பது கன்னடம். உதட்டைப் பார்த்தே கன்னடம் முழுவதும் புரிந்துகொள்வாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கையைக் கழுவிவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். அவள் கையால் சொன்னதை உங்களுக்காக எழுத்தில் தருகிறேன்.

“நான் என்ன, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற சாவியா?”

நான் கையைத் தூக்குவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“என் வகுப்புப் பெண்கள் பள்ளி விட்டு வந்து அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். நானும் என் வீட்டில் இருக்கிறேன்.”

சிவகாமி கையாலும் சொன்னாள், வாயாலும் சொன்னாள். “ஆராச்சும் கதவத் தட்டுனா உனக்கு எப்படித் தெரியும் கண்ணு? நாங்களே வந்து நின்னாலும் தெரியாதே. உள்ள தாழ் போட்டுட்டு நீ தூங்கிப் போனீன்னா?”

போன் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையே சொன்னேன். அதிர்கிற போன் கையில் இருக்கும்வரை சரி. அதை மெத்தையில் போட்டுவிட்டு அவள் துணி அலசப் போய்விட்டால் மெத்தைதான் அதிரும். தவிர, தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் பெண்பிள்ளையின் நம்பரைக் கொடுத்துவைக்கச் சிவகாமி சம்மதிக்கவில்லை.

வீட்டுக்குள் நாங்கள் அவளைக் கூப்பிடும் முறை வேறு. பக்கத்தில் இருந்தால் தோளைத் தொடுவோம். தூரத்தில் இருந்தால் துண்டைச் சுருட்டி எறிவேன். ஒருமுறை குறி தவறிக் குழம்புச் சட்டியில் விழுந்தது. அன்றைக்கு சிவகாமி என்னோடு பேசியதை எந்தக் கையாலும் சொல்ல முடியாது.

அவள் சொன்ன வழி

வழியைச் சொன்னதும் பவிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனையில் விளக்கு போடுவதைப் பார்க்க அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அத்தனை விளக்கும் ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் மொத்தமும் வாய் பிளந்து நிற்கும். “அந்த ஒரு நொடியில் எல்லாருக்கும் ஒரே சேதி ஒரே மாதிரி போய்ச் சேர்கிறது, எனக்கும் சேர்த்து” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

“அது மாதிரி நம் வீட்டுக்கும் செய்யுங்கள்,” என்றாள் இப்போது. “வாசலில் ஒன்றை அழுத்தினால் எல்லா விளக்கும் எரிய வேண்டும்.”

“ஒண்ணு எரிஞ்சாப் பத்தாதா?” என்றேன்.

“ஓர் அறையை விட்டால், அன்றைக்கு நான் அங்கேதான் இருப்பேன்.”

அவள் சொன்னது நியாயம். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. கூடம், நடு அறை, அடுப்படி, துணி துவைக்கிற பின்கட்டு, குளியலறை. அவள் எதில் வேண்டுமானாலும் இருப்பாள்.

மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். “செஞ்சுக்கோங்க. ஆனா சுவத்துல புதுசா ஓட்டை போடக் கூடாது. இருக்கிற விளக்கையே வெச்சு என்ன வேணா பண்ணுங்க,” என்றார். புதிய விளக்கு கிடையாது என்று முடிவாயிற்று. தினமும் எரிகிற விளக்குகளையே அழைப்புக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு ஓர் இலை

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி.

கல்யாணத்துக்கு முன்னால், மார்க்கெட் பக்கம் ஒரு அறையில் நாங்கள் நான்கைந்து பேர் தங்கியிருந்தோம். ஒரு பல்புதான் உண்டு. இன்னொன்று போடலாம் என்று நானே கிளம்பினேன். படித்தது ஏழாம் வகுப்பு. தைரியம் அதற்கு மேல். முதல் பல்பிலிருந்து வயரை இழுத்து இரண்டாவது பல்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பி விட்டேன். பூ கோப்பது போல ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் பீடி நெருப்பு மாதிரி மினுங்கின. “அடேய், முன்ன ஒரு ஆளோட மூஞ்சியாவது தெரிஞ்சுது,” என்றார் கூட இருந்த ஒரு பெரியவர்.

ஏன் அப்படி ஆயிற்று என்று மஞ்சு வந்த அன்றுதான் விளங்கியது. மஞ்சு எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன். வீட்டில் கன்னடம், மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட தமிழ்.

“அண்ணா, ஒரே இலையில ரெண்டு பேரை உட்கார வெச்சீங்க. ரெண்டு பேருக்கும் அரை வயிறுதான்,” என்றான் ஏணியில் நின்றபடி. “ஆளுக்கு ஒரு இலை போடணும். பரிமாறுறவன் ஒருத்தன் இருந்தாப் போதும்.”

பரிமாறுகிறவன் என்றால் சுவிட்ச். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக இரண்டு வயரும் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் ஒன்று கெட்டாலும் மற்றது எரியும், எல்லாம் முழு வெளிச்சமாக எரியும். அந்த விளக்குகள் அத்தனைக்கும் கரண்ட் போகிற வழியில் ஒரே சுவிட்சை வைத்தால் வேலை முடிந்தது. புரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளே. வயரில் கை வைக்க இல்லை. மஞ்சுவே மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டான்.

அறைக்கு அறை இருந்த சுவிட்சுகளைப் போட்டபடியே விட்டு மேலே டேப் ஒட்டினான். எல்லாம் இனிக் கூடத்துச் சுவிட்ச் சொன்னபடி கேட்கும். அதே வழியில், கம்பிச் சந்து வழியாக வயரை வெளியே விட்டு, வாசல் கதவோரம் ஒரு பெல் பொத்தானையும் சேர்த்தான்.

சாமி மாடத்தில் எரியும் சின்னச் சிவப்பு பல்பையும் சேர்க்கப் போனான். சிவகாமி ஓடி வந்தாள்.

“அதத் தொடாத மஞ்சு. தண்ணிக் கேன்காரன் வந்து அழுத்தி எரியறதுக்கா சாமி வெளக்கு?”

“சாமிக்கும் யாரு வந்திருக்காங்கன்னு தெரியட்டுமே அக்கா.”

“சாமிக்குத் தெரியும். நீ எறங்கு.”

சிவப்பு பல்பு தனி வழியிலேயே இருந்தது.

நடுப்பகலில் சோதித்தோம். பவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே அழுத்தினேன். எண்ணெய் வைத்த தலையோடு ஓடி வந்தாள். அடுப்படியில் ஒளிந்தாள், வந்தாள். பின்கட்டில் உட்கார்ந்தாள், வந்தாள். கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் தாழைத் திறக்க வேண்டும் என்று சிவகாமி சட்டம் போட்டாள். எல்லாவற்றுக்கும் பவி தலையாட்டினாள். மறுநாளிலிருந்து அவள் தன் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று.

எரிகிற வீடு

அந்த மறுநாள் சாயங்காலம்தான் நான் வாசலில் நின்ற சாயங்காலம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த அறையும் இருட்டாக இருக்கக் கூடாது. குளியலறைகூட விலக்கு இல்லை. முகம் கழுவி, குங்குமம் வைத்து, சாமியைக் கும்பிட்டு எல்லா அறையிலும் விளக்கைப் போட வேண்டும். இரவுச் சாப்பாடு முடியும்வரை போட்ட விளக்கை அமர்த்தக் கூடாது; அணைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அமர்த்தினால் வாசல் வரைக்கும் வந்த லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பது சிவகாமியின் அம்மா வீட்டிலிருந்து வந்த நம்பிக்கை. பவிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே இது தெரியும்.

தனியாக இருந்த முதல் நாள் அல்லவா. ஒன்றும் குறை வைக்கவில்லை அவள். நேரம் ஆனதும் முகம் கழுவி, பொட்டு வைத்து, கூடத்துச் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். ஐந்து விளக்கும் எரிந்துவிட்டன.

எரிகிற விளக்கை இன்னொரு தடவை எப்படி எரிய வைப்பது? நான் வெளியே அழுத்தினால் உள்ளே என்ன மாறும்?

இது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மஞ்சுவுக்கும் தோன்றவில்லை. நாங்கள் வீடு திரும்புவது விளக்கு வைக்கிற நேரம், சோதித்தது நடுப்பகல்.

சிவகாமி கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அது வீண் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். “பவி, பவி” என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் மேல்வீட்டு அம்மா பால்கனிக்கு வந்துவிட்டார். சரோஜம்மாவும் வெளியே வந்தார். “நான்தான் சொன்னேனில்லே,” என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போதுதான் மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது. வாசல் சுவரிலேயே இருக்கிறது. திறந்து மெயினை இறக்கினேன். வீடு இருண்டது. ஏற்றினேன். வீடு எரிந்தது.

ஜன்னல் திறந்தது. பவியின் முகம் தெரிந்தது. தாழ் விலகியது.

அவள் நடு அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்காகத் தட்டு வைத்து, தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “ஏன் பொத்தானை அழுத்தவில்லை?” என்று கேட்டாள்.

சிவகாமி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள். “போதுமுங்க. நாளையில இருந்து சரோஜம்மா வூடுதான். எனக்கு இந்த ஒரு சாயங்காலமே பத்தும்.”

பவிக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் சொல்லவில்லை. பவி உதட்டைப் பார்த்துவிட்டாள். தமிழ் உதடு அவளுக்கு அவ்வளவாக வராது, அன்றைக்கு வந்துவிட்டது.

மாடிப்படி

அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து கையைப் பிடித்து இழுத்தாள். வாயில் நுரையோடு போனேன்.

மேல்வீட்டுக்குப் போகும் மாடிப்படிக்கு ஒரு விளக்கு உண்டு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். பவி கீழே போட்டாள்; எரிந்தது. மேலே ஏறிப் போய் அங்கே தட்டினாள், அணைந்தது. கீழே ஓடி வந்து தட்டினாள், எரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது எந்தப் பக்கம் தட்டினாலும் மாறுகிறது. எரிந்தால் அணைகிறது, அணைந்தால் எரிகிறது. எனக்கு எரிய வேண்டும் என்று இல்லை. மாறினால் போதும். நேற்று நீங்கள் மெயினை இறக்கியபோது நான் வரவில்லையா?”

நுரையைத் துப்பிவிட்டு மஞ்சுவுக்குப் போன் போட்டேன். வந்து பார்த்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “தினமும் ஒரு வீட்டுக்கு மாடிப்படி சுவிட்ச் போடுறேன் அண்ணா. இங்க பெல்லுன்னு நினைச்சேன், பெல்லாட்டம் போட்டுட்டேன்.” பெல் பொத்தானைக் கழற்றிவிட்டு, கூடத்தில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக மாடிப்படி சுவிட்சுகளை மாட்டினான். இனி உள்ளே எரிந்தாலும் எரியாவிட்டாலும், வெளியே ஒருமுறை தட்டினால் ஐந்து விளக்கும் மாறும்.

சிவகாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சு போன பிறகு கேட்டாள்.

“அப்போ நான் சாயங்காலம் வந்து, வெளக்கு வெக்கிற நேரத்துல, என்ற கையால என்ற வூட்டு வெளக்கெல்லாம் அமத்தோணும். அப்படித்தானுங்க?”

அவளே புதுச் சுவிட்சைக் காட்டிச் சொன்னாள்.

“அத்தன வெளக்கயும்.”

“ஒரு நொடிதான் புள்ள. உடனே போட்டுரலாம்.”

“ஒரு நொடின்னா அமத்துனது இல்லீன்னு ஆயிருமா?”

பவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவகாமி அந்த முகத்தைப் பார்த்தாள். “கொஞ்ச நாள் பாப்போம்,” என்று மட்டும் கையால் சொன்னாள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

சிவகாமி வாசலில் நின்றது

அதற்குப் பிறகு பவி பள்ளி விட்டு நேராக வீட்டுக்குத்தான் வந்தாள். தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அந்தச் சுவிட்சை வைத்து விளையாடினார்கள். ஜன்னலைத் திறந்து பவி முறைத்த முறைப்பில் அதுவும் நின்றுபோனது. தண்ணீர்க் கேன்காரர் பழகிவிட்டார். சரோஜம்மாகூட ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து, பயந்து பயந்து சுவிட்சைத் தட்டினார். கதவு திறந்ததும், “என்ன மாயமோ தாயே,” என்று சிரித்தார்.

வீட்டுக்குள் ஒரு தொந்தரவும் இருந்தது, மறைக்கவில்லை. விடியற்காலையில் ஒருவர் குளியலறைக்குப் போக விளக்கைப் போட்டால் மூன்று பேரும் எழுந்து உட்கார வேண்டும்.

சிவகாமி மட்டும் சுவிட்சைத் தொடவில்லை. வேலை விட்டு எனக்கு முன்னால் வந்தாலும் வாசலிலேயே நிற்பாள். நான் வந்து தட்டிய பிறகு உள்ளே போவாள். நான் தட்டும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள். பவிக்கு இது தெரியும். ஜன்னல் வழியாக அம்மா வாசலில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்தாலும் திறக்க மாட்டாள். அம்மா கூப்பிடட்டும் என்று இருந்தாள்.

இரண்டு பிடிவாதத்துக்கு நடுவில் நான் இருந்தேன். சொல்லி நடக்கிற காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் மூட்டை இறக்க நேரமாகிவிட்டது. சந்துக்குள் வண்டியை விட இடமில்லாமல் முனையிலேயே நிறுத்தினேன். அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்திருந்தாள்.

சரோஜம்மா தன் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். “எத்தனை நேரம் நிப்பே சிவகாமி? அவர் வர்ற வரைக்கும் எங்க வீட்டுல வந்து உட்காரு.”

சிவகாமி அந்த வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

“இல்லீங்க சரோஜம்மா,” என்றாள். “என்ற வூட்டுக்குத்தான் போறேன்.”

செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

கம்பிச் சந்தில் தெரிந்த வெளிச்சம் போயிற்று. சாமி மாடத்துச் சிவப்பு மட்டும் உள்ளே எங்கோ தெரிந்தது. சிவகாமியின் விரல் சுவிட்சை விடவில்லை. உடனே போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் கையில் தெரிந்தது. ஆனால் அவள் போடுவதற்குள் ஜன்னலில் ஒரு நிழல் ஆடியது. அடுத்த கணம் வீடு முழுவதும் எரிந்தது.

அவள் கண்ணைத் திறந்து தன் விரலைப் பார்த்தாள். விரல் அசையவில்லை.

நான் பக்கத்தில் போனபோது தாழ் விலகிக்கொண்டிருந்தது. “நீயா போட்ட?” என்று கேட்டேன்.

“நான் அமத்துனதோட சரிங்க,” என்றாள் மெதுவாக. “உள்ள இருந்து அவ போட்டுட்டா.”

கதவு திறந்தது. நெற்றியில் குங்குமமும் கையில் பாத்திரம் தேய்த்த ஈரமுமாகப் பவி நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஈரக் கையை உதறிக்கொண்டு சொன்னாள்.

“வாசலில் நின்று என்ன பேச்சு? விளக்கு வைத்தாயிற்று. உள்ளே வாருங்கள்.”